காற்புள்ளி

அவள் பெயர் ஷௌக்யெ.
நம் காதில் அது
நலம் விசாரிப்பதுபோல் விழும்.
ஹார்லிங்கன் துறையிலிருந்து தீவுக்குப் போகும் படகில்
கயிறு வீசிக் கட்டுகிற வேலை.
ஆறு வருடமாய், காலைக் காப்பிக்கு முன்
ஒரு மாத்திரை.

முதல் தடவை அவளே நிறுத்திப் பார்த்தாள்,
யாரிடமும் சொல்லாமல்,
ஒரு மே மாதத்தில்,
வெயில் நன்றாக அடித்தது என்பதற்காக.
மூன்றாம் நாள்
கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள்
சுவிட்ச் போட்டாற்போல் ஒரு சொடுக்கு.
படியில் கால் வைத்தால் இன்னொன்று.
கனவில் ஒரு டிராக்டர் கடலின்மேல் ஓடியது,
விழித்த பிறகும் ஓடியது.
ஐந்தாம் நாள் அவள் வீசிய கயிறு
தூணைத் தொடாமல் தண்ணீரில் விழுந்தது.
கேப்டன் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

டாக்டர் தெர்ப்ஸ்ட்ரா திட்டவில்லை.
பழைய அளவுக்கே திரும்பச் சொன்னார்.
கோடை முழுக்க, காலுக்குக் கீழே தரை
கெட்டிப்படும்வரை.
அக்டோபரில் தபாலில் வந்தது
ஒரு சுருள்:
பஸ் டிக்கெட்போல் கிழித்தெடுக்கிற
இருபத்தெட்டுச் சின்னப் பைகள்,
ஒவ்வொன்றின் மேலும் தேதி, அளவு.
இன்றைக்கும் நாளைக்கும் நடுவே குறைவது
எறும்பு சுமந்து போகக்கூடியது.

'இவ்வளவு மெதுவாகவா?' என்றாள்.
'ஓடுகிற படகை நீங்கள் எப்படி நிறுத்துவீர்கள்?'
என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால்
இந்தக் கவிதை அங்கேயே சுலபமாய் முடிந்திருக்கும்.
அவர் கேட்டது:
'ராத்திரி தூங்குகிறீர்களா?
வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்?'

கூட இருப்பவன் வைட்ஸெ. பேச்சு வராதவன்.
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி
மூன்று கட்டம் போட்டான்:
தூக்கம், சொடுக்கு, கோபம்.
முதல் இரண்டை அவள் நிரப்புவாள்,
மூன்றாவதை அவன்.
பிப்ரவரியில் மூன்றாவது கட்டம் போதாமல்
எழுத்து ஓரத்தில் ஏறி, கீழே வளைந்து,
பால் கணக்கின்மேல் போனது.

அந்த மாதம்தான்
ரொட்டிக்கடை வரிசையில் நின்று அழுதாள்.
முன்னால் நின்ற ஆள்
கடைசி கம்பு ரொட்டியை வாங்கிவிட்டான்,
அவ்வளவுதான்.
பழையது திரும்பி வருகிறதா,
மருந்து விடைபெறுகிறதா?
வாசலில் கேட்கிற காலடி
இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருந்தது.

டாக்டர் ஃபிரிட்ஜ் தாளைக் கேட்டு வாங்கினார்.
தேதிகளில் விரலை வைத்து நகர்த்தினார்.
அளவு இறங்கிய நான்காம் நாள் அழுகை,
அதே நாள் சொடுக்கும்.
'இது அநேகமாக விடைபெறுவதுதான்.
எதற்கும் வாராவாரம் வந்து முகத்தைக் காட்டுங்கள்.
இப்போது ஒரு படி மேலேறி
அங்கேயே நில்லுங்கள்.'

மேலேறுவது தோல்வி என்று
ஆறு நாள் முகம் தூக்கிவைத்திருந்தாள்.
ஏழாம் நாள் ரொட்டி வாங்கி வந்தாள்.
முழு ரொட்டி. நடு வழியிலேயே பிய்த்தது.

அப்புறம் மறுபடியும் இறக்கம்.
அளவு சிறுக்கச் சிறுக்க
படிகளும் சிறுத்தன.
கடைசிப் படிகள்தான் செங்குத்து என்பதை
உயரத்தில் நிற்கும்போது
யாரும் நம்புவதில்லை.

இந்த நாட்டில் எண்களுக்கு நடுவே
நாம் புள்ளி வைக்கிற இடத்தில்
காற்புள்ளி வைக்கிறார்கள்.
0,8
0,7
0,7
(இந்த வாரம் தங்கை வீடு மாறினாள்,
இறங்க வேண்டாம் என்று அவளே முடிவெடுத்துப் போன் செய்தாள்)
0,7
0,6

இன்று காலை பையைக் கிழித்து
உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
இருக்கிறது.
இன்னும் எத்தனை சுருள் என்று
அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
வெளியே கடல் வற்றிச் சேறு மினுங்கியது,
ஏழரைப் படகுக்கு நேரமாகிவிட்டது.

அவள் போன பிறகு வைட்ஸெ
மூன்றாவது கட்டத்தில் எழுதுகிறான்:
'கதவை அறைந்து சாத்தினாள்.
காரணம் இருந்தது.
நானும் சாத்தியிருப்பேன்.'